ஒரு சாண் வயர்

சாசிப்பின் லாரி என் கடை வாசலில் வந்து நின்றபோது அதன் முகத்தில் ஈரச் சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் கம்பி வைத்துக் கட்டிய அரிசிச் சாக்கு. அதிலிருந்து தண்ணீர் சொட்டிய இடமெல்லாம் காய்ந்ததும் தரையில் வெள்ளையாக உப்பு பூத்தது. ஆகஸ்ட் மாதம், காலை எட்டு மணி. தென்கிழக்கிலிருந்து ஷர்ஜி காற்று வீச ஆரம்பித்து மூன்று நாள் ஆகியிருந்தது. பஸ்ராவில் அந்தக் காற்று வந்துவிட்டால் சட்டையைப் போட்ட மாத்திரத்தில் நனைந்துவிடும். பேரீச்சை மட்டும்தான் அதில் சந்தோஷமாகப் பழுக்கும். மனிதர்கள் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

இந்தச் சாக்கு விஷயத்தில் எனக்கும் லாரிக்காரர்களுக்கும் பல வருஷத் தகராறு. உம் கஸ்ர் துறைமுக வரிசையில் வண்டி இரண்டு நாள், மூன்று நாள் நகராமல் நிற்கும். ஓடினால்தானே முன்பக்கம் காற்று அடிக்கும்? நின்ற இடத்தில் ஏசி போட்டால் குழாய்க்குள் கேஸின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அளவு மீறினால் பிரஷர் ஸ்விட்ச் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது, கம்ப்ரஸரை நிறுத்திவிடும். கட்டைவிரல் அளவுச் சாமான்தான், ஆனால் அதன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அது நிறுத்தினால் கேபினுக்குள் அடுப்புதான். அதனால் இவர்கள் சாக்கைக் கட்டி, வாய்க்கால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுவார்கள். கொஞ்சம் குளிரத்தான் செய்யும். ஆனால் எங்கள் வாய்க்காலில் பாதி கடல். அந்த உப்புத் தண்ணீர் தெறித்து ஸ்விட்சின் பிளக்குக்குள் புகுந்து பித்தளையைப் பச்சைப் பசேலென்று அரித்துவிடும். நல்ல தண்ணீர் ஊற்றுங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். குடிக்கிற தண்ணீரையே தண்ணீர் வண்டிக்காரனிடம் காசு கொடுத்து வாங்கும் ஊரில், அதைச் சாக்குக்கு ஊற்றச் சொல்கிறவனை என்னவென்று நினைப்பார்கள்? அப்படித்தான் நினைத்தார்கள்.

சாசிப் கேபினிலிருந்து இறங்கி வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மூத்த மகனின் பெயரை வைத்து அபூ ஜவாத் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம், அவர் மனைவியை உம் ஜவாத் என்று. தலைத்துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டிருந்தார். வழக்கமாக இறங்கும்போதே யாரையாவது வைதுகொண்டு இறங்குகிற மனிதர், அன்றைக்கு முகத்தில் ஒரு மலர்ச்சியோடு இருந்தார்.

"நாஹி, ரெண்டு நிமிஷம் குளிருது. அப்புறம் மாமியார் வீட்டுல விருந்துக்குப் போன மாதிரி சுடச்சுடக் காத்து. இன்னிக்கே சரியாகணும். வியாழக்கிழமை கர்பலாவுக்கு லோடு இருக்கு. உம் ஜவாத் கூட வர்றேன்னுட்டா."

"அவங்களா? வண்டியில ஏறவே மாட்டேன்னு சொன்னாங்களே?"

"ரெண்டு வருஷமாக் கெஞ்சி இப்பத்தான் மனசு இறங்கியிருக்கு. ஆனா ஒரு நிபந்தனை. ஏசியைச் சுத்தமாப் பார்த்து, அந்தக் கலஃப் போட்ட வயரைப் பிடுங்கிட்டு, புது ஸ்விட்ச் மாட்டினாத்தான் வருவாளாம். அந்த வயர் இன்னும் அங்கதான் கிடக்கு. நாஸிரியாவுல டியூப் மாத்தினவன் 'ஸ்விட்ச் எங்கிட்ட இல்ல, ஊருக்குப் போய் மாத்திக்குங்க'ன்னான். ஏசி ஓடுச்சு, நானும் விட்டுட்டேன்."

கலஃப் என்ற பெயரைக் கேட்டதும் நான் ஸ்பேனர் பெட்டியில் எதையோ தேட ஆரம்பித்தேன். தேடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

கலஃபும் நானும் பதினோரு வருஷம் இதே கடையில் கூட்டாளிகள். பலகையில் இரண்டு பெயரும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடையில் ஊரில் ஸ்விட்சுக்குத் தட்டுப்பாடு. வரிசையில் நின்று வெந்துபோய் வருகிற டிரைவர்கள் அவர்களே கேட்பார்கள், "வயர் போட்டு விடு உஸ்தா" என்று. மெக்கானிக்கை இங்கே உஸ்தா என்போம். ஸ்விட்சின் பிளக்கைக் கழற்றி, உள்ளே வரும் இரண்டு கம்பிகளையும் ஒரு சாண் வயரால் சேர்த்துவிட்டால் போதும். அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் கம்ப்ரஸர் நிற்காது. தப்பு என்று தெரியும். ஒரு நாளைக்கு இருபது வண்டி வந்தது. நானும் போட்டேன், கலஃபும் போட்டான். அப்படி ஒரு நாள் சாசிப் வந்து சாவியைக் கலஃப் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து ஹுஸைனியா மண்டபத்தில் மின்விசிறிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டார். மத்தியானத் தொழுகை முடிந்து வந்து கலஃப் கையிலிருந்தே சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாம் நாள் நாஸிரியாவைத் தாண்டி, ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் அழுத்தம் தாங்காமல் ஏசி டியூப் வெடித்தது. பக்கத்து ஸீட்டில் உம் ஜவாத். அந்த அம்மாள் அப்போதெல்லாம் கர்பலா லோடு என்றால் தவறாமல் கூடப் போவார். வண்டியை ஓரங்கட்டி சின்ன அடுப்பில் தேநீர் போடுவது, கணவனுக்குத் தூக்கம் வராமல் ஊர்க்கதை பேசுவது என்று இருவரும் சேர்ந்து போகிற அழகைப் பார்த்து மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். உள்ளுக்குள் பொறாமைதான். அன்று அந்த வெயிலில் அவர் மயங்கி விழுந்து, காவல் சாவடியின் சிமென்ட் தரையில் இரண்டு மணி நேரம் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன் பிறகு லாரிப் படியில் கால் வைக்கவில்லை. சாசிப் தனியாகவே ஓட்டினார்.

அவர்கள் ஊர் திரும்பிய வாரம் நான் கடையில் இல்லை. என் மனைவிக்கு அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரியில் இருந்தேன். சாசிப் நான்கு தம்பிகளோடு வந்து கடை வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்தியிருக்கிறார். கலஃப் "என் கடை, என் பொறுப்பு" என்று மட்டும் சொன்னானாம். சாசிப்பின் கூட்டத்தாருக்கு மட்டும் நாற்பது லாரி. ஒருவரும் அதற்குப் பிறகு கலஃபிடம் சாவியைக் கொடுக்கவில்லை. நாஹி தொட்டால் சரி, இல்லையென்றால் வேறு கடை. ஆறு மாதம் அவன் ஓரத்தில் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விலகிப்போய் ஒரு சின்னத் தண்ணீர் வண்டி வாங்கினான். பலகையில் அவன் பெயர் இருந்த பாதியை நான்தான் பெயின்ட் அடித்து மறைத்தேன்.

அன்றைக்குச் சாசிப்பின் லாரியைத் தொட்டது நானா அவனா என்று எனக்கு ஞாபகமில்லை. இப்படித்தான் இரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும். கலஃப் தினமும் காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து என் கடை டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பிவிட்டுப் போகிறான். காற்றைப் பற்றிப் பேசுவோம், மின்வெட்டைப் பற்றிப் பேசுவோம். அதை மட்டும் நான் கேட்டதில்லை. கேட்காமலிருப்பது சுலபமாக இருந்தது.

சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, முன்பக்க மூடியைத் தூக்கினேன். மீட்டரை மாட்டிப் பார்த்தேன். கேஸ் அளவாக இருந்தது. கேஸைக் குளிரவைக்கும் கண்டென்சருக்குப் பக்கத்தில் குழாயின்மேல் ஸ்விட்ச் நின்றுகொண்டிருந்தது. அதன் தலை முழுக்க உப்பும் பச்சையும். பிளக் தனியாகத் தொங்கியது, கறுப்பு டேப் சுற்றி. டேப்பைப் பிளேடால் கீறிப் பிரித்தேன். உள்ளே ஒரு சாண் நீல வயர், ஒரு முனை அரித்து மயிரிழையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடும்போது சூடேறி விட்டுவிடும், ஆறினால் மறுபடி ஒட்டும். இரண்டு நிமிஷக் குளிரின் ரகசியம் அதுதான். வயரைப் பிளக்கோடு சேர்த்து ஒரு நூல் கட்டியிருந்தது. பழுப்பு நிற மெழுகு நூல்.

எல்லா மெக்கானிக்கும் வயரைக் கட்டப் பிளாஸ்டிக் பட்டைதான் போடுவார்கள். எங்கள் வெயிலில் அது ஒரே கோடையில் நொறுங்கிவிடும். என் மனைவி பெண்கள் போடும் அபாயா அங்கி தைக்கிறவள். அவளுடைய மெழுகு நூலை எடுத்து வந்து, மூன்று சுற்றுச் சுற்றி, அவள் சொல்லிக் கொடுத்த மாதிரி இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியை லைட்டரால் கருக்கிவிடுவேன். இந்தத் தெருவில் அப்படிக் கட்டுவது நான் ஒருவன்தான். "வயர் கட்டுறியா, வயித்துக்குத் தையல் போடுறியா?" என்று கலஃப் கேலி செய்வான். அந்த முடிச்சு இரண்டு கோடையையும் உப்புத் தண்ணீரையும் தாங்கிக்கொண்டு, போட்டது போட்டபடி இருந்தது. நல்ல முடிச்சு. எனக்கு அவமானமாக இருந்தது. குனிந்திருந்ததால் சாசிப்புக்கு என் முகம் தெரியவில்லை.

"என்ன, கிடைச்சுதா அந்தத் திருட்டு வயர்?"

"கிடைச்சுது."

"காட்டு, பார்ப்போம்."

"காட்ட என்ன இருக்கு, அழுகிப் போச்சு." வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வேலையைச் செய்தேன். கை தன் பாட்டுக்குச் செய்தது. பழைய ஸ்விட்சைத் திருகும்போது குழாய் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க இன்னொரு ஸ்பேனரால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த வண்டியில் ஸ்விட்சுக்கு அடியில் ஒரு வால்வு உண்டு, கழற்றினாலும் கேஸ் வெளியே போகாது. உஸ் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். புது ரப்பர் வளையத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் தடவி, புது ஸ்விட்சை முதலில் விரலால் திருகி, பிறகு ஸ்பேனரால் ஒரு கால் சுற்று. பிளக்கின் அரித்த பித்தளைக் கால்களை மாற்றி மாட்டினேன். சாசிப்பை என்ஜின் போடச் சொன்னேன். கம்ப்ரஸர் டக்கென்று பிடித்தது. பிறகு ஒரு பெரிய அட்டையை எடுத்து, காற்றுப் படாமல் கண்டென்சரை மூடிப் பிடித்தேன். மீட்டர் முள் ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் வந்ததும் கம்ப்ரஸர் நின்றது.

"நின்னுடுச்சே?" என்றார் சாசிப் கேபினிலிருந்து தலையை நீட்டி.

"நிக்கணும். அதுக்குத்தானே மாட்டினோம்." அட்டையை எடுத்ததும் முள் இறங்கி, மறுபடி பிடித்துக்கொண்டது. மூன்று தடவை செய்து பார்த்தேன். மூன்று தடவையும் அது தன் வேலையைச் செய்தது.

"மேல ஏறி வா, குளிர் எப்படி இருக்குன்னு பாரு" என்று கூப்பிட்டார். ஏறி, உம் ஜவாத் உட்கார்ந்து வந்த ஸீட்டில் உட்கார்ந்தேன். கேபினுக்குள் நல்ல குளிர். கண்ணாடியில் கட்டியிருந்த பச்சைத் துணி நாடா காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கர்பலாவில் அடங்கியிருக்கும் மகான் அப்பாஸின் சன்னதியிலிருந்து கொண்டுவந்தது. சாசிப் அதற்குள் வீட்டுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்துவிட்டார். சந்தோஷம் வந்தால் அவருக்கு ஊரே கேட்க வேண்டும்.

"உம் ஜவாத், முடிஞ்சுது. வயரைப் பிடுங்கியாச்சு. மீன் வெச்சா ஐஸ் பிடிக்கும், அவ்வளவு குளிரு."

"அதே கடையிலதானே பார்த்தீங்க?" அந்தப் பக்கத்துக் குரலில் உற்சாகம் இல்லை.

"கடை அதுதான். கை வேற. அன்னிக்குத் தொட்டது கலஃப். இன்னிக்குத் தொட்டது நம்ம நாஹி."

"அவர்தான்னு நீங்க கண்ணால பார்த்தீங்களா? நம்ம தெருவுக்குத் தண்ணி கொண்டு வர்றாரு. ஒரு நாள் விடாம ஸலாம் சொல்றாரு. பண்ணினவன் அப்படி முகத்தைப் பார்ப்பானா? ரெண்டு வருஷமா எனக்கு இது உறுத்திக்கிட்டே இருக்கு."

"சாவி வாங்கினவன் அவன், கொடுத்தவன் அவன். வேற யாரு, ஜின் பூதமா வந்து வயர் போட்டுச்சு?"

"நிச்சயமாச் சொல்லுங்க. இல்லன்னா நான் வரல."

"நிச்சயமாத்தான் சொல்றேன். இந்தா, அப்பாஸ் மேல கை வெச்சு..." சாசிப்பின் கை அந்தப் பச்சை நாடாவை நோக்கிப் போனது.

வெளியூர்க்காரர்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். எங்கள் பக்கத்தில் அல்லாஹ்வின் பெயரில் அவசரத்துக்கு ஒரு பொய்ச் சத்தியம் செய்துவிட்டு அழுது மன்னிப்புக் கேட்பவர்கள் உண்டு. அல்லாஹ் பொறுமையுள்ளவன். அப்பாஸ் சூடானவர், காத்திருக்க மாட்டார். அவர்மேல் பொய்யாகக் கை வைத்தவன் வீடு போய்ச் சேர மாட்டான் என்பது நாங்கள் தாய்ப்பாலோடு குடித்த பயம். தெரியாமல் செய்தாலும் விடுவாரா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. இந்த மனிதர் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டர் போய்வர வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு விநாடியில் எல்லாம் முடிந்துவிடும், என் நல்ல பெயர் நல்ல பெயராகவே இருக்கும். இதையெல்லாம் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். சாசிப்பின் மணிக்கட்டை நான் பிடித்திருந்தேன், அவ்வளவுதான் தெரியும்.

"வேண்டாம் அபூ ஜவாத். கை வெக்காதீங்க."

"விடு, என்னப்பா?"

பையிலிருந்து வயரை எடுத்து ஸ்டீயரிங்குக்கு முன்னால் வைத்தேன். "இந்த நூலைப் பாருங்க. இது என் வீட்டு நூல். இந்த முடிச்சு என் முடிச்சு. அன்னிக்கும் நான்தான், இன்னிக்கும் நான்தான்."

போனில் உம் ஜவாத், "யாரு பேசறது? என்ன சொல்றாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்புறம் கூப்பிடறேன்" என்று சாசிப் அணைத்தார்.

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். அவர் வயரைக் கையில் எடுத்து, முடிச்சை நகத்தால் அவிழ்க்கப் பார்த்தார். அவிழவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ ஹாரன் அடித்து வழி கேட்டார்கள், இருவரும் திரும்பவில்லை.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"இன்னிக்குக் காலையிலேருந்து." அதோடு நிறுத்தியிருக்கலாம். "கேட்டிருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். கேக்கல."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? எந்த வண்டி யார் கைக்குப் போச்சுன்னு அவனுக்கு எப்பவும் ஞாபகம் இருக்கும்."

சாசிப் நெற்றியை ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டார். "ஸலாம் சொன்னான் நாஹி. நடுத்தெருவுல, எல்லாரும் பார்க்க. பதில் சொல்லாமப் போனேன். ஒரு தடவை இல்ல." ஸலாமுக்குப் பதில் சொல்லாதவனை எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்று இருவருக்கும் தெரியும். பிறகு தலையை நிமிர்த்தி, "போய்க் கடையைப் பூட்டிட்டு வா" என்றார்.

"எங்க?"

"பூட்டிட்டு வா."

ஷட்டரை இறக்கும்போது பலகையைப் பார்த்தேன். நான் அடித்த பெயின்ட் மட்டமான சரக்கு. அதற்கடியில் கலஃபின் பெயர் மங்கலாக இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை.

சுபைர் சாலைத் திருப்பத்தில், மேம்பாலத்தின் நிழலில் கலஃபின் தண்ணீர் வண்டி நின்றிருந்தது. அந்த நேரத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, பின்பக்கக் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். எங்கள் லாரி வருவதைப் பார்த்ததும் எழுந்தான். சாசிப்பின் லாரி அந்த இடத்தில் நிற்காது என்பது அவனுக்குப் பழக்கம். அது நின்றதும், ஒதுங்கிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாதவன் போல ஒரு அடி பின்னால் வைத்தான். சாசிப் ஸீட்டுக்குப் பின்னாலிருந்து சாக்குக்கு ஊற்றும் காலி கேனை எடுத்துக்கொண்டு இறங்கினார். வயரை என் கையில் கொடுத்து, "நீயும் இறங்கு" என்றார். இறங்கினேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும், கலஃப்." சாசிப்தான் முதலில் சொன்னார். இருமிவிட்டு மறுபடியும் சொன்னார்.

கலஃப் பதில் ஸலாம் சொன்னான். அவன் கண் கேனைப் பார்த்தது. அதன் வாயில் வெள்ளையாகக் காய்ந்திருந்த உப்பைப் பார்த்தது.

"சாக்குக்கா, குடிக்கவா?"

"ரெண்டுக்கும்" என்றார் சாசிப்.

கேனை வாங்கி ஒரு தடவை அலசி, உப்பைக் கொட்டிவிட்டு, குழாயடியில் வைத்துத் திறந்தான் கலஃப். பிறகுதான் அவன் என் பக்கம் திரும்பினான். நான் கையை நீட்டினேன். நீல வயர், பழுப்பு நூல், கருகிய நுனி. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் அதைப் பார்த்தான். அவனுடைய ஒரு கை குழாயின் மேலேயே இருந்தது. கேன் நிரம்பி, கழுத்துவரை வந்து, வழிய ஆரம்பித்தது. ஒரு சொட்டைக்கூட யாரும் கீழே விடாத ஊரில், நல்ல தண்ணீர் சாசிப்பின் செருப்பை நனைத்து, என் செருப்பை நனைத்து, சாலையின் புழுதியில் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை மூட யாருக்கும் தோன்றவில்லை.